கூடிப்போன பஞ்சு

கிட்ட வந்து இருங்கோ, கதை சின்னன்.

நோர்வேயின் வடக்குக் கரையில் ஜெசிந்தாவுக்கு ஒரு கொட்டில். படகு பழுதுபார்க்கிறது அவள் தொழில். அவளிடம் வேலை பழக வந்தவர் அந்தோனிப்பிள்ளை. அவளைவிட நல்ல மூப்பு. ஊரில், பாசையூர்க் கடலில் வள்ளம் ஓட்டினவர்.

பனி விட்ட கையோடு அவருக்குக் கிடைத்தது மகள் டிலானியின் மரப்படகு. அவள் இந்த வடக்குக் கடலில் வளர்ந்தவள். கரையோரமாகத் தெற்கே தனியாகப் போக வெளிக்கிட்டிருந்தாள். விழுந்தால் கை கால் விறைத்துப்போகிற தண்ணீர். மனுசன் தண்ணீர் புகாமலிருக்கப் பலகை இடுக்குகளில் பஞ்சை வைத்து அடித்தார், அடித்தார், ஒரு மயிர் போக வழியில்லாமல் அடித்தார்.

ஜெசிந்தா வந்து தடவிப் பார்த்தாள். வளைந்த கொக்கியை எடுத்துப் பஞ்சை வெளியே இழுக்கத் தொடங்கினாள்.

"என்ன பிள்ளை செய்யிறாய்? என்ர மகள் போற படகு."

"அதுதான் இழுக்கிறன் அண்ணை. ஊரில உங்கட வள்ளம் எப்பவாவது காய்ஞ்சதோ?"

"நாளாந்தம் கடலில கிடக்கிறது எப்பிடிக் காயும்?"

"இது பனிக்காலம் முழுக்கக் கொட்டிலுக்க காய்ஞ்ச பலகை. தண்ணி குடிச்சா ஊதும். ஊத இடமில்லாட்டி படகைத் தாங்கிற விலாச்சட்டம் முறியும்."

"அப்ப எவ்வளவு இடம் விடுறது?"

அவள் பாதிப் பஞ்சை எடுத்துவிட்டு, மேலே பூச்சுப் பூசி, படகைத் தண்ணீரில் இறக்கிக் கட்டினாள். உள்ளே கசிந்தது. அந்தோனிப்பிள்ளை வாளியோடு பாய்ந்தார்.

"நல்லாப் படிப்பிச்சாய். இனி மீனும் உள்ளுக்கு வரும்."

"வந்தா குழம்பு வைப்பம். அள்ளுங்கோ. பஞ்சில மட்டும் கை வைக்காதேங்கோ."

அள்ள அள்ளக் கசிவு குறைந்தது. ஒரு காலையில் போய்ப் பார்த்தால் வாளிக்கு வேலையில்லை. பலகைகள் தாங்களாகவே இறுகியிருந்தன.

புறப்படுகிற அன்று டிலானி வந்தாள். படகுக்குள் அப்பா. உயிர்காப்பு அங்கி, கம்பளித் தொப்பி, முதுகில் பை.

"அப்பா, தனியாப் போறனெண்டு சொன்னனானெல்லே."

"ஒரு ஓரமா இருப்பன். கதைக்கவும் மாட்டன்."

"நீங்களோ?"

அவர் ஜெசிந்தாவிடம் திரும்பினார். "நீயாவது சொல்லு பிள்ளை. இந்தக் குளிருக்க ஏதும் நடந்தா?"

ஜெசிந்தா கொட்டிலுக்குள் போய் வந்தாள். பஞ்சிழுத்த கொக்கியை அவருடைய பையின் வாரில் மாட்டி, கரைப்பக்கம் மெல்ல இழுத்தாள்.