எலிக் கதைக்குள் யானை புகுந்த கதை

அந்தக் காலத்தில் பறவையும் விலங்கும் ஒரே மொழியில்தான் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. அப்போது காட்டுக்கு மொத்தமே ஒரு கதைதான். ஆமாங்க, ஒன்றே ஒன்று! வறண்ட கிணற்றுக்குள் விழுந்த எலியின் கதை. மழை கொட்டிக் கிணறு நிரம்பும். எலி காலை உதைத்து உதைத்துத் தண்ணீரோடு மேலே வந்து தப்பித்துவிடும். அவ்வளவுதான்.

அந்தக் கதைக்குக் காவல் கிளியார். அவர் மட்டும்தான் சொல்லலாம். "எங்க முப்பாட்டன் சொன்னபடியே சொல்லணும். ஒரு சொல்லை மாத்தினாலும் காட்டைவிட்டே போகணும்!" என்று சட்டம் வேறு போட்டிருந்தார். கேட்கிறவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. பாதிக் கதையிலேயே கரடி குறட்டை விடும். கிளியாரோ கண்டுகொள்ளாமல் சொல்லிக்கொண்டே போவார்.

அதே காட்டில் சலம்பி என்று ஒரு மைனா இருந்தாள். பேர் வைத்தவர்கள் தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள். விடிந்தால் வாய், கூட்டில் அடைந்தால்தான் ஓய்வு.

இன்னொரு விஷயமும் சொல்லியாக வேண்டும். அந்த நாளில் யானைகளுக்குத் தண்ணீர் என்றாலே நடுக்கம். இவ்வளவு பெரிய உடம்பு கல் மாதிரி மூழ்கிவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தன. குடிக்கக்கூடக் கரையில் நின்று தும்பிக்கையைத்தான் நீட்டும்.

ஐப்பசியில் ஒரு நாள் காலை, வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியது. உருண்டை என்கிற குட்டி யானை வழுக்கிப்போய் ஒரு பள்ளத்துக்குள் விழுந்துவிட்டது. ஆழமான பள்ளம், சுற்றிலும் களிமண். தாய் யானை தும்பிக்கையை நீட்டிப் பார்த்தாள், எட்டவில்லை. வெள்ளமோ நாலு பக்கமும் உள்ளே பாய்கிறது! குட்டி பின்னங்காலில் நின்று சுவரைக் கட்டிக்கொண்டு கதறுகிறது. தண்ணீர் வயிற்றைத் தொட்டது. கழுத்தைத் தொட்டது. ஐயையோ!

"கிளியாரே, அந்தக் கதையைச் சொல்லுங்க! எம்புள்ளைக்குக் கொஞ்சம் தைரியம் வரட்டும்!" என்று அழுதாள் தாய்.

கிளியார் கிளையில் நிமிர்ந்து உட்கார்ந்து தொண்டையைச் செருமினார். "முன்னொரு காலத்தில் ஒரு கிணற்றில் ஓர் எலி விழுந்தது..."

"அது எலி!" என்று அலறியது குட்டி. "தம்மாத்தூண்டு எலி மிதக்கும்! நான் யானை! நான் செத்துருவேன், அம்மா!"

கிளியார் நிறுத்தவில்லை. "எலி தன் சிறு கால்களை உதைத்தது..." என்று போய்க்கொண்டே இருந்தார். குட்டி காதில் வாங்கவே இல்லை.

சலம்பிக்குப் பொறுக்கவில்லை. பள்ளத்தின் விளிம்புக்கே பறந்து வந்து கத்தினாள்: "டேய் உருண்டை! கிளியார் மறந்துட்டாருடா! அந்தக் கிணத்துல விழுந்தது எலி இல்லை. யானை! உன்ன மாதிரி ஒரு குட்டி யானை!"

கிளியார் வாயைப் பிளந்தார். யானை மிதக்குமா மிதக்காதா என்று சலம்பிக்கே தெரியாது, அதுதான் உண்மை. சொல்லிவிட்டாள், இனி திரும்ப முடியாது.

"யானையா?" என்றது குட்டி.

"யானைதான்! குண்டு யானை! பயந்துபோய்ச் சுவரையே பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு. மழையில உன் முகம் தெரியல. 'ம்' சொல்லிக்கிட்டே இரு, நீ இருக்கேன்னு எனக்குத் தெரியணும்."

"ம்."

"அப்புறம் அந்தக் குட்டி சுவரை விட்டுச்சு."

சத்தமே இல்லை. தாய் கண்ணை மூடிக்கொண்டாள்.

"...ம்."

"தும்பிக்கையை மேலே தூக்கிச்சு! நாலு காலையும் போட்டு அடிச்சுச்சு!"

"ம்! ம்!"

களேபரமாகத் தண்ணீர் தெறித்தது. அட, உருண்டை மிதக்குது! வெள்ளம் ஏற ஏறக் குட்டியும் ஏறி வந்தது. முதலில் தும்பிக்கை தெரிந்தது, அப்புறம் நெற்றி, அப்புறம் இரண்டு காதும். எட்டியதும் தாய் வளைத்து இழுத்து வெளியே போட்டு, அடித்தாளா முத்தமிட்டாளா என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

கிளியார் மட்டும் குதித்தார். "கதையைக் கெடுத்துட்டா! இவ காட்டைவிட்டுப் போகணும்!"

தாய் யானை குறுக்கே வந்து நின்றாள். "தாராளமா விரட்டுங்க. முதல்ல என்னைத் தள்ளிட்டுப் போங்க."

"சரி! இனி நான் கதையே சொல்ல மாட்டேன். யார் என்ன சொன்னாலும் அதையேதான் திருப்பிச் சொல்வேன், போங்க!" என்று கிளியார் முறுக்கிக்கொண்டார். அந்த முறுக்கு இன்னும் விடவில்லை.

அதற்குள் ஒரு முயல்குட்டி சலம்பியின் அருகே வந்து நின்றது. "எனக்கும் அந்தக் கதை சொல்லுங்கக்கா."

"யானை விழுந்த கதையா?"

"இல்லக்கா. முயல் விழுந்த கதை."

சலம்பி சிரித்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

அன்று முதல்தான் யானைகள் தண்ணீரைக் கண்டால் குழந்தையாகிவிடுகின்றன. அன்று முதல்தான் பழைய கதைகள் யார் கேட்கிறார்களோ அவர்களுடைய முகத்தைப் போட்டுக்கொண்டு வருகின்றன. கிணறு நடுவில் நின்றுபோன லிஃப்டாகிறது, எலி பள்ளிக்கூடப் பையோடு நிற்கிறது. நாமும் அன்று முதல்தான் கதை கேட்கும்போதெல்லாம் 'ம்' கொட்டுகிறோம், பள்ளத்துக்குள் இருந்து, இன்னும் இருக்கிறேன் என்று.