கயிற்றில் வந்த சூப்பர்சார்ஜர்

கேட்டால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், அந்த மடையன் நான்தான்.

ரேஸ் டிராக்கில் என் காரைத் தட்டிக்கொண்டு, "என்ஜினுக்குள்ளே காத்தைத் திணிக்கிற சூப்பர்சார்ஜர்! இது இல்லாத காரெல்லாம் மாட்டு வண்டி" என்றேன். பழுதான கார்களை இழுத்து வரும் பழைய வேனின் டிரைவர் மகிமைதாஸ் சிரித்துவிட்டார்.

"என்னய்யா சிரிப்பு? உன் தகர டப்பா என்னை முந்துமா?"

"முந்தும் சார். நீங்க நிக்காம பத்து ரவுண்டு விரட்டுங்க. கடைசியில ஃபினிஷிங் லைனை என் வண்டிதான் முதல்ல தாண்டும்."

"தாண்டலேன்னா நாளைக்கு நீ இங்கே வேலைக்கு வரக் கூடாது!"

"சரி சார்."

நாலு ரவுண்டு பறந்தேன். வேன் நின்ற இடத்திலேயே நின்றது. ஐந்தாவதில் என்ஜின் சூடேறி வேகம் குறைந்தது. ஆத்திரத்தில் இன்னும் மிதித்தேன். ஏழாவதில் கார் புகை கக்கிப் படுத்துவிட்டது. மாட்டு வண்டி என்று நான் பழித்த மற்ற கார்கள் ஒவ்வொன்றாக என்னைத் தாண்டிப் போயின.

மகிமைதாஸ் வந்து கயிறு கட்டினார். "சூப்பர்சார்ஜர்ல இந்த மாசம் நீங்க மூணாவது சார்."

கூட்டம் கைதட்டியது. ஹெல்மெட்டைக் கழற்றாமல், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி குனிந்து உட்கார்ந்திருந்தேன். ஃபினிஷிங் லைன் நெருங்கியதும் அவர் வேனிலிருந்து தலையை நீட்டினார்.

"பிரேக்குல கால் வைங்க சார். தப்பித்தவறி என்னை முந்திடப் போறீங்க!"