கொம்பைத் தொட்டால் குடித்தாகணும்

கூறுகெட்ட ஊர் எது என்று கேட்டால் எவனும் பக்கத்து ஊரைத்தான் கைகாட்டுவான். கொக்கரப்பட்டிக்காரர்கள் அப்படியில்லை. "நம்ம ஊருதாங்க, வாங்க, காப்பி குடிச்சிட்டுப் போகலாம்" என்பார்கள். அவ்வளவு நல்ல சனம்.

அந்த ஊரில் அழகுமலை, சொக்கன், தவசி என்று மூன்று பேர் கூட்டாக மோட்டார் பம்பு கடை வைத்திருந்தார்கள். மூவருக்கும் பழுது பார்க்கத் தெரியாது. மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருகிறவனிடம், "செத்துப்போச்சுப்பா, மனசைத் தேத்திக்க" என்று துக்கம் விசாரித்துவிட்டுப் புது மோட்டாரைக் கட்டிக் கொடுப்பார்கள். இப்படியே விற்று விற்று மாவட்டத்தில் முதலாவதாக வந்துவிட்டார்கள். கம்பெனிக்காரன் பூரித்துப்போய் மூவரையும் சீனாவுக்குச் சுற்றுலா அனுப்பினான்.

தவசிக்குச் சந்தோஷம் பாதி, பயம் பாதி. பயம் சீனாவை நினைத்து இல்லை, பெண்டாட்டி பேச்சியை நினைத்து. அவர்கள் போகிற ஊரை அவள் டி.வி.யில் பார்த்திருந்தாள்.

"இந்தா பாருய்யா, அந்த ஊருப் பொம்பளைக கொண்டையில வெள்ளிச் சீப்பு சொருகியிருக்காளுக. எனக்கு அதுல ஒண்ணு வேணும். பையில கியில போட்டுத் தொலைச்சிராத, கண்ணு முன்னாடியே வச்சுக் கொண்டுவா. சீப்பு இல்லாம வந்தே, வாசப்படி மிதிக்கக் கூடாது, ஆமா."

பேச்சி சொன்னால் சொன்னதுதான். போன பொங்கலுக்குக் கரும்பு வாங்க மறந்த தவசி மூன்று நாள் எருமையோடு கொட்டகையில் படுத்தவன். எருமைக்கே பாவமாகிவிட்டது.

சீனாவில் மலைகளுக்கு நடுவே ஆற்றங்கரையில் இருந்தது அந்தப் பழைய ஊர். அதன் பேர் கடைசிவரை தவசி வாயில் நுழையவில்லை, நாமும் விட்டுவிடுவோம். மரக்கால் ஊன்றி ஆற்றுக்குள் நிற்கும் வீடுகள், மழையில் கறுத்த ஓடுகள், மலையுச்சியைக் காணாமல் அடித்த பனி. மியாவோ என்கிற மலைச்சனங்கள் அங்கே நிறைய. அவர்கள் வீட்டுப் பெண்கள் தலைநிறைய வெள்ளி பூட்டிக்கொண்டு ஊர் வாசலில் வழிமறித்து நின்றார்கள். ஒவ்வொருத்தி கையிலும் ஓர் எருமைக்கொம்பு.

வழிகாட்டப் பீஜிங்கிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். தமிழ் படித்தவள், குயிலி என்று தனக்குத் தானே பேர் வைத்துக்கொண்டவள். செந்தமிழ் தவிர வேறு தமிழ் அவளுக்குத் தெரியாது.

"அன்பர்களே! இவர்கள் கொம்பில் அரிசிக் கள் ஊற்றி விருந்தினரை வரவேற்பர். கொம்பைக் கையால் தொட்டவர் முழுவதையும் குடித்தே தீர வேண்டும். அது இவர்கள் வழக்கம். ஆகவே கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். அவர்கள் ஊற்றுவதை ஒரு மடக்கு அருந்தினால் போதும். நான் சொல்லும் வரை எதையும் தொடாதீர்கள்."

மூவரும் கையைப் பின்னால் கட்டினார்கள். ஆளுக்கு ஒரு மடக்கு குடித்துவிட்டு ஊருக்குள் போனார்கள். குயிலி, "இனித் தொடலாம்" என்று சொல்ல மறந்துவிட்டாள்.

"எதையும்னா எதை அண்ணே?" என்று கேட்டான் சொக்கன்.

"எதையும்னா எல்லாத்தையும்தான்" என்றான் அழகுமலை. மூவரில் அவன்தான் மூத்தவன், அறிவாளியும்கூட.

"மூக்கு அரிக்குது. அது நம்ம மூக்குதானே?"

அழகுமலை நின்று யோசித்தான். "மூக்கு நம்ம மூக்குதான். ஆனா இப்ப சீனாவுல இருக்கு. தொடாம இருக்கிறதுதான் மரியாதை."

சொக்கன் ஒரு தூணில் மூக்கைத் தேய்த்துக்கொண்டான்.

கொஞ்சம் தள்ளிப் பின்னால் வந்த குயிலி இதையெல்லாம் பார்த்தாள். 'தமிழர் கைகளைப் பின்னால் கட்டி நடப்பது மரபு' என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, விடுதி ஏற்பாட்டைக் கவனிக்கப் போனாள்.

தொந்தியை முன்னால் விட்டு, கையைப் பின்னால் கட்டி, மூன்று பேர் கடைத்தெருவில் நடந்தால் பார்க்கிறவனுக்கு என்ன தோன்றும்? யாரோ பெரிய அதிகாரிகள் சோதனைக்கு வந்துவிட்டார்கள் என்று கடைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். சாப்பாட்டுக் கடைக்காரர் உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்தார். புளித்த மீன் குழம்பு வந்தது. மூவரும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அதிகாரிக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று பயந்து அவரே ஒரு வாய் ஊட்டிவிட்டார்.

"உபசாரம்னா இது" என்றான் சொக்கன் கண்கலங்க. "என் கல்யாணத்துல எனக்கே யாரும் ஊட்டலை."

அடுத்தது வெள்ளிக்கடை. பிறை நிலா மாதிரி ஒரு சீப்பு, மேலே இரண்டு குருவி. பேச்சி கொண்டையில் அதைக் கற்பனை செய்து பார்த்த தவசிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. முகவாயால் காட்டினான். கடைக்காரம்மா அவன் சட்டைப்பையிலிருந்து விலையை எடுத்துக்கொண்டு, அதே பையில் சீப்பைப் போடப் போனாள்.

"ஐயையோ, பையில வேணாம்! பேச்சி கொன்னுருவா!" என்று தவசி துள்ளினான். "கண்ணு முன்னாடியே இருக்கணும் அண்ணே."

"தலையில சொருகலாமா?" என்றான் சொக்கன்.

"அவனுக்கு முடி ஏதுடா?" என்றான் அழகுமலை. "பல்லுல கடிச்சுக்க தவசி. பல்லு கண்ணுக்கு முன்னாடிதானே இருக்கு?"

இதிலே தப்பு கண்டுபிடிக்க அங்கே ஆள் இல்லை. கடைக்காரம்மா சீப்பை அவன் பல்லிடுக்கில் வைத்து அனுப்பினாள்.

அக்கரைக்குப் போக ஆற்றில் வரிசையாகக் கல் நட்டிருந்தார்கள். ஒவ்வொரு கல்லாகத் தாண்டி நடு ஆற்றுக்கு வந்தபோது சொக்கனுக்கு அக்கறை வந்துவிட்டது.

"தவசி, சீப்பு பத்திரமா இருக்கா?"

"இருக்கு" என்றான் தவசி.

தொபுக்.

தவசி கல்லின்மேல் உட்கார்ந்து ஓவென்று அழுதான். "போச்சே! இனி ஆயுசுக்கும் கொட்டகைதானா?" மூவரும் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, கட்டிய கையைக் கட்டியபடி, தலையை முக்கி முக்கிப் பல்லாலேயே தேடினார்கள். அழகுமலை ஒரு கூழாங்கல்லைக் கவ்வினான். சொக்கன் அழகுமலையின் வேட்டியைக் கவ்வினான்.

பக்கத்தில் ஒரு மீனவர் நீர்க்காகத்தை விட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்தார். முங்கி எழுந்த நீர்க்காகம் படகில் மீனைத் துப்பவில்லை, சீப்பைத் துப்பியது. மீனவர் அதை நீட்டினார். யாரும் கையை நீட்டாததால், பறவையையும் தவசியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சீப்பை அவன் பல்லிலேயே செருகினார்.

"கிடைச்சி..." என்று சொக்கன் ஆரம்பித்தான். அழகுமலை அவன் காலை மிதித்தான்.

விமான நிலையத்தில் குயிலி தமிழ் மரபுப்படி தன் கையையும் பின்னால் கட்டிக்கொண்டு விடை கொடுத்தாள். விமானத்தில் இவர்களுக்கு யார் ஊட்டினார்கள் என்று கேட்காதீர்கள். அந்தப் பணிப்பெண் இப்போது வேறு வேலைக்குப் போய்விட்டாளாம்.

கொக்கரப்பட்டியில் பேச்சி வாசலிலேயே நின்றாள். வாயில் சீப்போடு வந்த புருஷனைப் பார்த்ததும் முகமெல்லாம் பூத்துவிட்டது. உருவித் துடைத்துக் கொண்டையில் சொருகினாள்.

"வா சாமி, தாராளமா வாசப்படி மிதி. அதென்ன கையப் பின்னால கட்டிக்கிட்டு?"

தவசி கதையைச் சொன்னான். பேச்சி தலையில் அடித்துக்கொண்டு, அவன் போனை எடுத்துக் குயிலியைக் கூப்பிட்டு ஒலியைக் கூட்டினாள். "மன்னியுங்கள் அன்பர்களே! மறந்துவிட்டேன். இனித் தொடலாம்" என்றது போன். மூவரும் 'அப்பாடா' என்று கையை விரித்தார்கள். பேச்சி கண்ணாடி பார்க்க உள்ளே ஓடினாள்.

தவசி சோம்பல் முறித்தான். ஏழு நாள் மரத்துப்போன கை, வேப்பமரத்தடியில் கட்டியிருந்த எருமையின் மேல் விழுந்தது. விழுந்த இடம் கொம்பு.

"தொட்டுட்டியேடா!" என்று அலறினான் அழகுமலை. "கொம்பைத் தொட்டா முழுசும் குடிச்சாகணும்!"

எருமைக்கு முன்னால் தொட்டி நிறையப் பருத்திக்கொட்டை கலந்த கழுநீர் இருந்தது. தவசி அதைப் பார்த்தான். எருமை தவசியைப் பார்த்தது.

"தனியா விட்டுருவோமா உன்னை?" என்றான் சொக்கன். சிநேகிதம் என்றால் அப்படி. மூன்று பேரும் தொட்டிக்குள் தலையை விட்டார்கள்.

சீப்பின் அழகு பார்த்து முடித்துப் பேச்சி வெளியே வந்தாள். "அடப் பாவிகளா! என்னய்யா பண்றீக?"

தவசி பருத்திக்கொட்டை ஒட்டிய முகத்தைத் தூக்கினான். பேச்சியை உண்மையாகவே பரிதாபமாகப் பார்த்தான்.

"நான் தொட்டது ஒரு தடவை பேச்சி, எப்படியும் குடிச்சிருவோம். நீ தினம் காலையிலயும் சாயங்காலமும் கொம்பைப் பிடிச்சுக் கட்டுறவ. பத்து வருஷம்! பேசாம சீப்பைக் கழட்டி வச்சிட்டுக் குனி."