மூன்றாவது கவுன்

"உடுத்தியிருப்பவரைப் பார்க்கிறவன் முதலில்..." என்று ஒரு பாராட்டு விழாவில் ஒரு பெரியவர் பேசினார். மீதி என்னவென்று வேதநாயகத்துக்கு நினைவில்லை. கைதட்டல் மட்டும் நினைவிருந்தது. அந்த வரியை வைத்தே இன்றைய நிகழ்ச்சியைத் தொடங்கலாமா என்று காலையில் சுபத்ராவிடம் கேட்டார்.

"மீதி?"

"மறந்துடுச்சு, மேடம்."

"அப்ப வேண்டாம், சார்."

சுபத்ரா மேடை நிகழ்ச்சிகளுக்கு உடை அமைத்தவர். இப்போது ஓர் இணையச் சேனலில் நட்சத்திரங்களின் உடைகளை விமர்சிக்கிறார். வேதநாயகம் அவரைவிட ஏழு வயது மூத்தவர். கனடாவிலிருந்து ஊர் திரும்பி, நாற்பத்தெட்டு வயதில் சுபத்ராவிடம் தொழில் கற்கச் சேர்ந்தவர். சுபத்ரா அறைக்குள் வந்தால் போதும், என்ன வேலையில் இருந்தாலும் எழுந்து, அவர் பக்கம் திரும்பி, வணக்கம் சொல்வார். அலுவலகமே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும்.

இன்று சுபத்ராவின் இடத்தில் வேதநாயகம் நேரலையில் பேச வேண்டும். ஒழுங்காகப் பேசினால் இனி வாராவாரம் அந்த இடம் அவருக்கு. சொதப்பினால் இத்தோடு சரி.

பேச வேண்டிய விஷயம் ஊருக்கே தெரிந்தது. விருது விழாவைத் தொகுத்து வழங்கிய கரோலின் ஒரே மாலையில் ஐந்து கவுன் மாற்றினார். மூன்றாவதாக ஒரு கருநீலக் கவுனில் நின்றபோது, மூத்த இசைக்கலைஞர் ஒருவர் மேடையின் பின்பக்கமாக ஏறிவந்து வணக்கம் சொன்னார். கரோலின் திரும்பவே இல்லை. பார்வையாளர்களைப் பார்த்தபடியே கைகூப்பினார். தொலைக்காட்சியில் வந்த அந்தக் காட்சித் துண்டுதான் அன்றிலிருந்து எல்லார் கைபேசியிலும் ஓடிக்கொண்டிருந்தது.

வேதநாயகம் எழுதி வைத்திருந்தது இது: 'கவுனுக்குக் கழுத்து அழகாகத்தான் வெட்டியிருக்கிறார்கள். உள்ளே இருக்கிற கழுத்துதான் பெரியவர்கள் பக்கம் திரும்பாது.'

"இந்த வரி எப்படி, மேடம்? சரியா இருக்கா?"

சுபத்ரா அவர் முதுகுப் பக்கம் போய் நின்றார். வாயில் இரண்டு கிளிப்பைக் கவ்வியிருந்தார்.

விளம்பரம் தரும் துணிக்கடை அனுப்பிய பிளேசர் வேதநாயகத்துக்குத் தொளதொளவென்று இருந்தது. முதுகில் மிஞ்சிய துணியை இழுத்துச் சேர்த்து, காலர் முதல் இடுப்பு வரை சுபத்ரா கிளிப் போட்டார். முன்னாலிருந்து பார்த்தால் அளவெடுத்துத் தைத்தது மாதிரி இருந்தது. பின்னால் பார்த்தால் தணலில் சுட்ட அப்பளம்.

"உட்காரக் கூடாது. குனியக் கூடாது. முக்கியமா, திரும்பக் கூடாது. கிளிப் தெரிஞ்சா கடைக்காரர் என்னைச் சும்மா விடமாட்டார். உங்களுக்கும் அடுத்த வாரம் கிடையாது."

"குத்துது, மேடம்."

"குத்தும்."

"அந்த வரி சரியான்னு கேட்டேனே?"

"ஒத்திகை பார்ப்போம். ஜாபர், பதிவு பண்ணுங்க." சுபத்ரா கதவைத் திறந்து வெளியே போனார்.

கேமரா பிடிக்கும் ஜாபர் கையைக் காட்டினார். வேதநாயகம் பேசத் தொடங்கினார். முதல் கவுன் முடிந்தது. இரண்டாவது முடிந்தது. மூன்றாவதற்கு வந்து, கழுத்தைப் பற்றிய அந்த வரியை ருசித்துச் சொல்லி முடித்தார். பின்னால் கதவு திறந்தது.

"வணக்கம், சார்" என்றது சுபத்ராவின் குரல்.

உடம்பு தன்னால் திரும்பப் போனது. கிளிப் சுரீரென்று கடித்தது. கழுத்தை மட்டுமாவது திருப்பப் பார்த்தார். காலர் விடவில்லை. கேமராவைப் பார்த்தபடியே கைகூப்பினார்.

"வணக்கம், மேடம்."

ஜாபர் சிரித்துவிட்டார். "யாருக்கு சார் வணக்கம் வைக்கிறீங்க? எனக்கா? நான் எப்ப மேடம் ஆனேன்?"

"போட்டுக் காட்டுங்க" என்றார் சுபத்ரா.

திரையில் நல்ல பிளேசர் போட்ட ஓர் ஆள் நின்றான். பின்னால் ஒரு பெண்மணி வந்து வணக்கம் சொன்னார். அந்த ஆள் முகத்தைக்கூடத் திருப்பவில்லை. உதட்டில் பாதிச் சிரிப்பு வேறு.

"ஆளு யாருன்னு தெரியலை, திமிரு மட்டும் நல்லாத் தெரியுது" என்றார் ஜாபர்.

வேதநாயகம் சிரிக்கவில்லை.

"திரும்பியிருக்கலாமே, சார்?" என்றார் சுபத்ரா.

"நீங்கதானே மேடம் திரும்பக் கூடாதுன்னு..."

"நான்தான் சொன்னேன்."

நேரலைக்கு நேரம் நெருங்கிவிட்டது. தொடங்கும் முன்பே திரையின் ஓரத்தில் ஆட்கள் எழுதிக் குவித்தார்கள். 'நேரா மூணாவது கவுனுக்கு வாங்க.' 'விடாதீங்க சார்.' 'அடுத்த வருஷம் அந்தம்மாவை மேடையே ஏத்தக் கூடாது.'

"மேடம், அன்னிக்கு கரோலின் முதுகுலயும் கிளிப் இருந்துதா?"

"தெரியாது."

"உங்களுக்குத் தெரியாம இருக்குமா? அந்தக் கவுனெல்லாம் இரவல்தானே?"

"இரவல்தான். சிலது உடம்புக்கு அமையும். சிலது அமையாது."

"அப்ப நிஜமாவே திமிராவும் இருந்திருக்கலாம்?"

"இருக்கலாம்."

"சார், மேடம், தயாராகுங்க" என்றார் ஜாபர்.

வேதநாயகத்தின் குரல் உயர்ந்தது. சுபத்ராவிடம் அவர் குரல் உயர்ந்தது அதுதான் முதல் தடவை. "இத்தனை பேர் காத்துக்கிட்டிருக்காங்க. நான் அப்போலேர்ந்து கேட்டுட்டே இருக்கேன். அந்த வரியைச் சொல்லவா, வேண்டாமா? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா, மேடம்?"

சுபத்ரா கையில் மிஞ்சியிருந்த கிளிப்பை மேஜைமேல் வைத்தார்.

"நானும் டிவியிலதான் பார்த்தேன், சார். எனக்கும் முன்பக்கம் மட்டும்தான் தெரிஞ்சுது."

ஜாபர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். சிவப்பு விளக்கு எரிந்தது.

"வணக்கம். மூன்றாவது கவுனிலிருந்து தொடங்குகிறேன்" என்ற வேதநாயகம், கேமராவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்.