மொந்தன் மகாராஜாவும் சன்னலோரத்து இடமும்

வேம்பனுக்கு முதலில் கெடுதல் செய்தவன் அரண்மனைச் சோதிடன் கிரகசூடாமணி. மற்றதெல்லாம் அப்புறம். இதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

கடலோரத்தில் ஒரு சின்ன நாடு. ராஜா பெயர் பரிதிமாறன். அவருடைய சபையில் கடற்காற்று வருகிற சன்னல் ஒன்றே ஒன்றுதான். பேச்சில் கெட்டிக்காரனான வேம்பன் அதன் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். ஒருநாள் கிரகசூடாமணி சோழியை உருட்டிப் பார்த்து, "வேம்பனுக்கு எட்டில் சனி. அவன் மேல் பட்ட காற்று மகாராஜா மேல் படக் கூடாது" என்றான். வேம்பனைத் தூணுக்குப் பின்னால் தள்ளினார்கள். அன்று மாலையே சன்னலோரத்தில் கிரகசூடாமணி தன் பாயை விரித்தான். பதினோரு வருஷம் ஆயிற்று. தூணுக்கு மேலே வௌவால் வேறு. மிச்சத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

ராஜாவுக்குச் சோதிடப் பைத்தியம். எந்தக் கப்பல் வந்தாலும், "சோதிடன் உண்டா?" என்றுதான் முதலில் கேட்பார். யவனன் ஒருவன் வந்தான். பன்னிரண்டு ராசியும் தங்கள் ஊர்ச் சரக்கு என்றான். கிரகசூடாமணி அவனோடு மூன்று நாள் சண்டை போட்டான். சீனத்தான் ஒருவன் வருஷத்துக்கு ஒரு மிருகம் என்று கணக்குப் பார்த்து, "மகாராஜா பிறந்தது பன்றி வருஷம்" என்றான். அவனை வந்த கப்பலிலேயே ஏற்றி அனுப்பினார்கள்.

கடைசியாக வந்தவன் பாபிலோன் நாட்டு நாபு. தாடி இடுப்பு வரை. கையில் சுட்ட களிமண் பலகை. அதில் கோழி கிளறினது போல எழுத்து.

"எட்டாம் நாள் சூரிய கிரகணம். அது இந்த நாட்டு ராஜாவின் உயிரை எடுக்கும்" என்றான் நாபு.

ராஜா சிங்காசனத்தை விட்டு இறங்கிவிட்டார். "பரிகாரம் இல்லையா?"

"உண்டு. எங்கள் ஊரில் வேறொரு ஆளை ராஜாவாக உட்கார வைப்போம். நிஜ ராஜாவைக் குடியானவர் என்று கூப்பிடுவோம். கிரகணம் புது ராஜாவைப் பிடித்துக்கொள்ளும். அது முடிந்ததும் அவரை மரியாதையாக அனுப்பி வைப்போம்."

"எங்கே?"

நாபு விரலை மேலே காட்டினான். "வாளால்தான்."

கிரகசூடாமணி உடனே எழுந்தான். "மகாராஜா, வேம்பனுடைய ஜாதகம் இதற்கென்றே எழுதினது போல இருக்கிறது."

"ஓய், பதினோரு வருஷமாக என் ஜாதகம் எதற்குமே உதவாது என்றீரே?"

"வாழத்தான் உதவாது" என்றான் கிரகசூடாமணி.

அன்றைக்கே வேம்பன் தலையில் கிரீடத்தை வைத்தார்கள். பரிதிமாறன் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, மண்வெட்டியோடு கொல்லைக்குப் போனார். வேம்பன் போட்ட முதல் உத்தரவு, சிங்காசனத்தைச் சன்னலோரம் நகர்த்துங்கள் என்பது. எட்டுப் பேர் முக்கிப் பார்த்தார்கள். அசையவில்லை.

மறுநாள் வேம்பன் நாபுவை அழைத்தான். "பலகையைப் பார்த்துச் சொல்லும். அந்தப் பதில் ராஜாவுக்கு என்ன என்ன இருக்க வேண்டும்?"

"கிரீடம் வேண்டும். எல்லோரும் கும்பிட வேண்டும். உயிர் இருக்க வேண்டும். பிறகு வெட்ட வேண்டும்."

"மனுஷனாக இருக்க வேண்டுமா?"

நாபு பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அப்படி எழுதவில்லை."

வேம்பன் சன்னல் பக்கம் திரும்பினான். "ஓய் கிரகசூடாமணி, உம்முடைய மகனுக்கு இரண்டு தார தோஷம் இருந்ததே, என்ன செய்தீர்?"

"வாழைக்குத் தாலி கட்டி, அதை வெட்டிப்போட்டு, அப்புறம் பெண்ணுக்குக் கட்டினான். ஊரே சாப்பிட்டதே!"

"வாழை நிஜமாகவே பெண்டாட்டி ஆயிற்றா?"

"ஆகாமல்? தோஷம் அதோடு போய்விட்டது."

"பெண்டாட்டியாக இருக்கத் தகுந்தது ராஜாவாக இருக்கத் தகாதா?"

கிரகசூடாமணி வாயைத் திறந்தான். தகாது என்றால் வாழைக் கல்யாணம் பொய்; தோஷம் பிடிக்க வேண்டிய முதல் தாரம் இப்போது வீட்டில் சமைத்துக்கொண்டிருக்கிறாள். "தகும்" என்றான்.

"அப்படியானால் நான் பட்டத்தை விடுகிறேன். குடியானவரே! ஒரு வாழையை வேரோடு தோண்டிக்கொண்டு வாரும்!"

கொல்லையிலிருந்து பரிதிமாறன் எட்டிப் பார்த்தார். "ரஸ்தாளியா, மொந்தனா?"

"மொந்தன். சிங்காசனத்துக்குக் கொஞ்சம் கனம் வேண்டும்."

அண்டாவில் மண்ணோடு நட்டு, மொந்தனைச் சிங்காசனத்தில் ஏற்றினார்கள். குருத்தில் கிரீடம். சபையார் விழுந்து கும்பிட்டார்கள். மந்திரி உப்பு வரியைப் பற்றிக் கேட்டார். இலை லேசாக ஆடியது. "ராஜா யோசிக்கிறார்" என்றான் வேம்பன். அந்த ஒரு வாரம் நாட்டில் ஒரு புது வரியும் இல்லை. ஜனங்களுக்கு மொந்தனை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

எட்டாம் நாள் கிரகணம் பிடித்தது, விட்டது. நாபுவே வாளை எடுத்து ஒரே வெட்டாக வெட்டினான். காலமான ராஜாவின் தண்டைப் பொரியல் செய்து சபையார் சாப்பிட்டார்கள். நாபு இரண்டு தடவை கேட்டு வாங்கினான்.

பரிதிமாறன் கைகால் கழுவிக்கொண்டு சிங்காசனத்தில் ஏறப் போனார்.

"பொறுங்கள் குடியானவரே" என்றான் வேம்பன். "காலமானவருக்கு வாரிசு இருக்கிறது."

அண்டாவுக்குள், வெட்டின அடியை ஒட்டி, ஒரு சாண் உயரத்துக்கு வாழைக்கன்று நின்றது.

பரிதிமாறன் நாபுவைப் பார்த்தார். நாபு பலகையைப் பார்த்தான். "ராஜாவுக்குப் பின் ராஜாவின் பிள்ளைதான். எங்கள் ஊரிலும் அப்படித்தான்."

"ஐயோ, அப்படியானால் நான்?"

"வழி இருக்கிறது" என்றான் வேம்பன். "இளவரசர் சின்னவர். அவர் குலை தள்ளுகிற வரைக்கும் அவருக்காக நீங்கள் ஆளலாம். இந்த யோசனைக்கு எனக்குப் பட்டு வேண்டாம், முத்து வேண்டாம். என்னுடைய சன்னலோரத்தைக் கொடுங்கள்."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். "கிரகசூடாமணி, எழுந்திரும்!"

எழுந்தான். வேம்பன் ஓடிப்போய்ப் பாதிப் பாயை விரித்துவிட்டான்.

"இரு வேம்பா" என்றார் ராஜா. "இளவரசருக்கு வெயிலும் காற்றும் வேண்டாமா? இங்கே வேறு சன்னல் ஏது? அவர் குலை தள்ளட்டும். மறுநாளே அந்த இடம் உனக்கு."

அண்டா சன்னலோரம் போயிற்று. காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றுவது கிரகசூடாமணி வேலை. வேண்டாம் என்ற பட்டையும் முத்தையும் வாங்கிக்கொண்டு வேம்பன் தூணுக்குப் பின்னால் போனான். அங்கே கிரகசூடாமணி பாயை விரித்துப் பாதி இடத்தைப் பிடித்திருந்தான்.

மறு வருஷம் இளவரசர் குலை தள்ளினார். வேம்பன் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஓடினான். ராஜா சன்னலோரத்தில் நின்று சிரித்துக்கொண்டே அண்டாவைக் காட்டினார்.

அடியில் மூன்று கன்றுகள்.