சிப்பாய் தின்றது

பிரிசில்லா டாக்டரிடம் பாடம் கேட்க வந்தபோதே சம்பந்தத்துக்குத் தலை நரைத்திருந்தது. காலமெல்லாம் மாடுகளுக்கு வைத்தியம் பார்த்த மனிதர், நாய் வைத்தியம் கற்றுக்கொள்ள, தன்னைவிட வயதில் சின்னவரிடம் வந்து நின்றார். வந்த இடத்தில் ரத்தப் பரிசோதனை எண்கள் மீது அவருக்குக் காதல் வந்துவிட்டது. புதுக் காதல் எப்படியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒருநாள் மதியம் டாக்டர் சிகிச்சை அறைக்குள் வரும்போது மேஜை மேல் சிப்பாய் என்ற செவலை நாய் துவண்டு கிடந்தது. சம்பந்தத்தின் கையில் மருந்து ஏற்றிய ஊசி தயாராக இருந்தது.

“என்ன ஊசி?”

“தூங்க வைக்கிற ஊசி மேடம். கிட்னி போயிருச்சு. ரத்தத்துல யூரியா எக்கச்சக்கமா ஏறிக் கெடக்கு. நாய்க்காரர் சம்மதிச்சுட்டாரு. வீட்டுல குழி தோண்டச் சொல்லிப் போன் பண்ண வெளிய போயிருக்காரு.”

“கிரியாட்டினின்?”

“அது சரியாத்தான் இருக்கு. லேப்ல ஏதோ தப்பு பண்ணியிருப்பாங்க.”

“ஏன், யூரியாவுல தப்பு பண்ணியிருக்க மாட்டாங்களா?”

சிறுநீரகம் கெட்டால் இரண்டும் சேர்ந்தே ஏறும் என்பது சம்பந்தத்துக்குத் தெரியாததல்ல. பிடித்த எண்ணை வைத்துக்கொண்டு, பிடிக்காத எண்ணை லேப் தலையில் கட்டியிருந்தார்.

“அப்ப யூரியாதான் தப்பா மேடம்?”

“இல்ல. ரெண்டும் சரிதான்.”

“கிட்னி நல்லா இருந்தா யூரியா எப்படி ஏறும்?”

“கறி நிறையத் தின்னாலும் ஏறும்.”

சம்பந்தத்துக்குச் சிரிப்பு வந்தது. “மேடம், இது சாப்பிட்டே நாள் கணக்காச்சு. மோந்துகூடப் பாக்க மாட்டேங்குது.”

“தின்னுக்கிட்டுத்தான் இருக்கு” என்றார் டாக்டர்.

கையுறையை மாட்டினார். நாயின் வாலைத் தூக்கி, ஆசனவாயில் விரலை விட்டு எடுத்தார். விரலில் தார் போலக் கறுப்பாக ஒட்டியிருந்தது. அதை ஈரப் பஞ்சில் தடவி, சம்பந்தத்தின் முன்னால் வைத்தார்.

கறுப்பைச் சுற்றி மெல்லச் சிவப்பு ஊறியது.

“ரத்தம்” என்றார் சம்பந்தம்.

“வயித்துக்குள்ள புண். அதுல கசியிற ரத்தம் குடல்ல செரிக்குது. குடலுக்கு அதுவும் கறிதான். தன் ரத்தத்தையே தின்னுக்கிட்டுக் கெடக்கு.”

“பொழைக்குமா மேடம்?”

“புண்ணு எதால வந்துச்சுன்னு தெரிஞ்சு அத நிறுத்தினா, பொழைக்க வழி இருக்கு.”

நாய்க்காரர் இசக்கிமுத்து காலை இழுத்து இழுத்து உள்ளே வந்தார். உப்பளத்தில் நின்றே முட்டி தேய்ந்தவர். நாயைச் சுற்றிக் கொண்டுபோகப் புது வேட்டி ஒன்று வாங்கி வந்திருந்தார். அவர் செருப்புச் சத்தம் கேட்டு, சிப்பாயின் வால் மேஜையில் ஒருமுறை தட்டியது.

“ஐயா, இதுக்கு என்ன மாத்திரை கொடுத்தீங்க?” என்று அவர் காலைப் பார்த்தபடியே கேட்டார் டாக்டர்.

“மாத்திரையா? எம் மூட்டு வலி மாத்திரைதாம்மா. அவனுக்கும் கால் நொண்டுச்சு. நானும் நொண்டுதேன், அவனும் நொண்டுதான், பாக்கப் பாவமா இருந்துச்சு. தெனமும் ஒரு மாத்திரைய ஒடச்சு, கருவாட்டுக்குள்ள வச்சு ஊட்டுவேன்; சோத்தத் தொடாதவன் அத மட்டும் முழுங்கிருவான். ஆளுக்குப் பாதி.”

சம்பந்தத்தின் பயமெல்லாம் கோபமாக மாறியது. “மனுசன் திங்கிற மாத்திரைய நாய்க்குக் கொடுப்பாங்களாய்யா? வயித்தப் புண்ணாக்கி, நீங்களே கொல்லப் பாத்திருக்கீங்களே!”

இசக்கிமுத்து வேட்டியை நெஞ்சோடு அணைத்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

டாக்டர் சலைன் ஏற்ற நாயின் முன்காலில் நரம்பு தேடிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

“அவர் பாதி மாத்திரைதான் கொடுத்தார், சம்பந்தம் சார். உங்க கையில இருக்கறது எவ்வளவு?”

சம்பந்தம் குனிந்து பார்த்தார். ஊசி இன்னும் அவர் கையில்தான் இருந்தது.