இரண்டாம் இடம் வாங்கிய கல்லூரி

இந்தப் புதிருக்கு விடை சொல்லப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம். சொல்லப்போனால், படித்தவர்கள்தான் இதில் அதிகம் தடுமாறுகிறார்கள். நிதானமாகக் கேளுங்கள்.

மின்வாரியத்தில் வேலை பார்க்கும் கனகவேலுக்கு அபிநயா என்றொரு மகள். பிசியோதெரபி படிக்க ஆசைப்பட்டவளுக்கு இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்தது. ஒன்று அரசு மருத்துவமனையோடு சேர்ந்தது. அங்கே சுவரில் காரை பெயர்ந்திருக்கும், பாதி இயந்திரங்கள் ஓடாது, ஆனால் காலை எட்டு மணிக்கே வாசலில் நூறு நோயாளிகள் நிற்பார்கள். தரவரிசைப் பட்டியலில் அதன் பெயரே கிடையாது. பட்டியலில் சேர்வதற்கான விண்ணப்பத்தை நிரப்பி அனுப்ப அங்கே யாருக்கும் நேரமில்லை. இன்னொன்று தனியார் கல்லூரி, பட்டியலில் ஐந்தாம் இடம். கண்ணாடிக் கதவு, ஏ.சி. போட்ட கூடம், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத புத்தம் புது இயந்திரங்கள்.

"நோயாளி நிறைய வர்ற இடத்துலதான்ப்பா கை பழகும்" என்றாள் அபிநயா.

"நாளைக்கு வேலைக்குப் போனா ரேங்க்கைத்தான் கேப்பான். கையையா புடிச்சுப் பாப்பான்?" என்றார் கனகவேல்.

அவர் சொன்னபடி தனியார் கல்லூரியில் சேர்ந்தாள். அங்கே நோயாளிகள் வராததால், மூன்று வருடம் மாணவர்கள் ஒருவர் காலை இன்னொருவர் பிடித்துப் பழகினார்கள். நன்றாக இருக்கிற காலைப் பிடித்துக்கொண்டு என்னத்தைக் கற்றுக்கொள்வது?

நான்காம் வருடம், பட்டியல் போடும் அமைப்பிலிருந்து மதிப்பீட்டுக் குழு வந்தது. இப்படிக் குழு வரும் நாளில் கல்லூரி வேன் சுற்றுவட்டார ஊர்களுக்குப் போகும். சாப்பாடு போட்டு, கைச்செலவுக்கும் கொடுத்து ஆட்களை அழைத்து வந்து கட்டில்களை நிரப்புவார்கள். நல்ல உடம்புக்காரர்களாக இருந்தாலும் பரவாயில்லை, இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகத் தெரிந்தால் போதும். அன்று எப்படியோ ஒரு நிஜ நோயாளி வேனில் ஏறிவிட்டார். பெயர் செல்லையா, மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர். பக்கவாதம் வந்து நாலு மாதம் ஆகியிருந்தது. முதல் ஆறு மாதத்துக்குள் விடாமல் பயிற்சி கொடுத்தால்தான் கால் ஓரளவாவது திரும்பும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அரசு மருத்துவமனைக்கு இரண்டு பஸ் மாற வேண்டும், தூக்கி ஏற்ற ஆளில்லை. வைத்தியம் பார்க்கத்தான் வேன் அனுப்பியிருக்கிறார்கள் என்று பாவம், நம்பி வந்துவிட்டார்.

அவரை அபிநயாவிடம் விட்டார்கள். பெயர், ஊர், தெரு எல்லாம் அவளே கேட்டுக் குறிப்பேட்டில் எழுதினாள். அவள் கையில் வந்த முதல் நோயாளி அவர். மதியத்துக்குள், வாதம் தாக்கிய வலது காலில் இன்னும் பலம் மிச்சமிருப்பது அவள் கைக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு பக்கமும் கம்பியைப் பிடித்துக்கொண்டு செல்லையா நாலு அடி வைத்தார். கூட வந்திருந்த மனைவி பேச்சியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அபிநயாவும் அழுதாள்.

குழு அந்தப் பக்கம் வருவதற்குள் விரிவுரையாளர் இம்மானுவேல் அவளருகே வந்து குனிந்தார்.

"மூணு மாசமா இங்க வர்றார்னு சொல்லு. ஒரு வார்த்தை பிசகினா ரேங்க் போயிரும், உங்க பேட்ச்சுக்கு வேலையும் போயிரும். நாளையிலேருந்து இவருக்குத் தினம் வேன் வரும். நான் பொறுப்பு."

வேன் அனுப்பும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

குழுத் தலைவர் கேட்டபோது, "மூணு மாசமா வர்றார் சார்" என்றாள் அபிநயா. செல்லையாவும், "பிள்ள சொல்றது சரிதாங்க" என்றார். தன்னை எழுப்பி நிறுத்திய பெண்ணை அவர் விட்டுக்கொடுப்பாரா? கிளம்பும்போது அவளிடம், "நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும் தாயி?" என்று கேட்டார்.

"எட்டு மணிக்கு உங்க ஸ்டாப்புக்கு வேன் வரும் ஐயா."

வேன் வரவில்லை. பன்னிரண்டு நாள், சலவைச் சட்டை போட்டுவிட்டு, தோளில் தாங்கி, பேச்சியம்மாள் அவரைப் பேருந்து நிறுத்தத்தில் கொண்டுவந்து உட்காரவைத்தாள். கல்லூரிப் பேருந்து அந்த வழியாகத்தான் போகும். முதல் நாள் அபிநயா ஜன்னல் வழியாக அவரைப் பார்த்தாள். இரண்டாம் நாளிலிருந்து எதிர்ப்பக்க இருக்கைக்கு மாறிக்கொண்டாள். பதின்மூன்றாம் நாள் செல்லையா வரவில்லை. ஆறு மாதமும் கடந்தது. கால் விறைத்துப்போய், கட்டிலே கதியென்று ஆனார்.

கல்லூரி ஐந்தாம் இடத்திலிருந்து இரண்டாம் இடத்துக்கு ஏறியது. அபிநயாவுக்குப் பெரிய மருத்துவமனை ஒன்றில் வேலை கிடைத்தது. நேர்முகத் தேர்வில் கல்லூரிப் பெயரைப் பார்த்தார்கள், தலையாட்டினார்கள், எடுத்துக்கொண்டார்கள். கனகவேல் ஊரெல்லாம் இனிப்பு கொடுத்தார்.

பட்டியலை நம்பி மகளைச் சேர்த்த அப்பா, செய்ய முடியாததைச் செய்வதாக வாக்குக் கொடுத்த விரிவுரையாளர், பொய் சொன்ன மாணவி. செல்லையாவின் காலுக்கு இவர்களில் யார் பதில் சொல்ல வேண்டும்?

கேட்டவர்களில் பாதிப்பேர் இம்மானுவேலைக் காட்டுகிறார்கள். கனகவேலைத் திட்டுகிறவர்களும் உண்டு. நான் அபிநயாவைத்தான் சொல்வேன். கனகவேலுக்கு அந்தப் பட்டியல் எப்படித் தயாராகிறது என்று தெரியாது. இம்மானுவேல் வேலைக்குப் பயந்தவர், அவரை நல்லவர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கால் பிழைக்கும் என்று தொட்டுப் பார்த்து அறிந்தவள் அவள் ஒருத்திதான். பொய்யைக்கூட மன்னித்துவிடலாம், சின்னப் பெண், மிரண்டிருப்பாள். முகவரி தெரிந்தும் ஒரு மாலை நேரம் அந்த நிறுத்தத்தில் இறங்கிப் போகாததை எப்படி மன்னிப்பது? விவரம் புரியாமல் இருந்துவிட்டாள் என்கிறீர்களா? இந்த வருடம் அவள் தம்பி முகிலனுக்கும் இரண்டு கல்லூரிகளிலும் இடம் கிடைத்தது. அப்பாவோடு சண்டை போட்டு, அவனைத் தானே அழைத்துப்போய் அரசுக் கல்லூரியில் சேர்த்துவிட்டு வந்தாள். தெரிந்தவர்கள் தங்கள் பிள்ளைகளுக்காகப் போன் செய்து கேட்டால் மட்டும், "ரெண்டாவது ரேங்க் அங்கிள், கண்ணை மூடிட்டுச் சேத்துவிடுங்க" என்கிறாள்.